பன்னிரண்டு சிலிண்டருக்கும் பொட்டு

பாரிவாக்கம் செங்கல்வராயன் ஓர் இடத்துக்கு வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் அவருடைய எண்ணெய் வாசனை வந்து உட்கார்ந்துகொள்ளும். குடுமியில் நல்லெண்ணெய். மீசையில் விளக்கெண்ணெய். இடுப்பு மடிப்பில் மூக்கு நீண்ட ஒரு தகரக் குப்பி, அதிலும் விளக்கெண்ணெய்தான். எங்காவது எதுவாவது கீச்சென்று சத்தம் போட்டால் இந்த மனுஷனுக்குப் பொறுக்காது. கிணற்று ராட்டினமோ, வண்டிச் சக்கரமோ, பூந்தமல்லி தபாலாபீஸ் கதவோ, கேட்காமல் கொள்ளாமல் போய் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கக் கீச்சென்று ஊதினார். இவர் கை தன்னால் இடுப்புக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மனைவி தாட்சாயிணி அந்தக் கையைப் பிடித்து அமுக்கினாளோ, மானம் தப்பியதோ.

இருபது வருஷம் அவர் ஜம்புலிங்கம் தோட்டத்தில் பம்பு செட்டு இஞ்சின் ஓட்டியவர். அந்த இஞ்சினைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார் என்று எழுதினால் அவர் பெற்ற பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்களை அவர் அவ்வளவு கவனித்ததே கிடையாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இஞ்சினைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார். எழுதப் படிக்க வராத மனுஷனுக்கு அந்தப் பொட்டுத்தான் அடையாளம். பொட்டு இருந்தால் எண்ணெய் விட்டாயிற்று. பொட்டு இல்லையா, இன்னும் விடவில்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த அடையாளம் தவறியதில்லை.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் இஞ்சின் எண்ணெய்க்கும் திண்டாட்டம் வந்தது. இஞ்சின் நின்றது. தோட்டத்தில் பழையபடி மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்கள். செங்கல்வராயன் மூன்று மாதம் நின்றுபோன இஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தாட்சாயிணி வாயைத் திறந்தாள்.

"யோவ், ஆவடியில புதுசா தகரக் கூரை போட்டு ஆஸ்பத்திரி கட்டிகீறாங்களாம். மிசினு தெரிஞ்ச ஆளு வோணுமாம். போய்ப் பாரேன். இங்க குந்திகினு இன்னா பண்ணப்போற?"

போனார். அங்கே மிஷின் என்று அவர்கள் சொன்னது ஆள் உயர இரும்பு சிலிண்டர்களை. உள்ளே ஆக்சிஜன். நிமோனியா கண்டு மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு, ஒரு தண்ணீர்ப் பாட்டில் வழியாகக் குமிழி விட்டு, மூக்கில் ரப்பர் குழாய் வைத்து அதைக் கொடுப்பார்கள். சிலிண்டரைத் தூக்கிவர, நிறுத்த, சாவி போட்டுத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். செங்கல்வராயனுக்கு முதல் நாளே சிலிண்டர்களைப் பிடித்துப்போயிற்று. ஆனால் சிஸ்டர் லூர்தம்மாளைப் பிடிக்கவில்லை.

லூர்தம்மாள் பூந்தமல்லிக்காரர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. புதிதாக வேலைக்கு வந்தவர்களைத் தினமும் காலையில் வேப்ப மரத்தடியில் நிறுத்திப் பாடம் எடுப்பார்.

"சிலிண்டர் பக்கத்துல என்னென்ன கூடாது?"

"பீடி கூடாது! தீக்குச்சி கூடாது! உருட்டக் கூடாது! எண்ணெ கூடாது!"

இந்தக் கூச்சலில் எல்லோரையும் மிஞ்சும் குரல் செங்கல்வராயனுடையது. மற்ற மூன்றையும் மனதாரச் சொல்வார். நாலாவதைத் தொண்டையால் மட்டும் சொல்வார். இரும்புக்கு எண்ணெய் ஆகாதாமே! பாவம், ஊசி போடத் தெரிந்த அம்மாள், இரும்பைப் பற்றி என்ன கண்டார்கள் என்று உள்ளுக்குள் இரக்கப்படுவார். யுத்த காலம், எண்ணெய் விற்கிற விலைக்குச் சிக்கனம் பிடிக்கிறார்கள், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. சிஸ்டர் அவர் குடுமிக்குமேல் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டார். தகரக் குப்பியை வாசல் தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வெளியே புளியமரப் பொந்தில் குப்பியைத் தினமும் படுக்க வைத்துவிட்டு உள்ளே வருவார். போகும்போது எடுத்து, வழியில் வண்டி ஏதாவது கீச்சிட்டால் ஆசை தீர்த்துக்கொள்வார்.

இப்படியே ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. சாயங்காலம் லாரியில் பன்னிரண்டு புதுச் சிலிண்டர்கள் இறங்கின. சிஸ்டர் பக்கத்தில் நிற்க, செங்கல்வராயன் ஒவ்வொன்றாகச் சாவி போட்டு ஒரு கணம் திறந்து மூடினார். பதினொன்று சத்தமில்லாமல் திறந்தன. ஒன்று மட்டும் கீச்சென்றது.

"சரி, பரவாயில்லை. அறையைப் பூட்டிட்டுப் போங்க" என்று சிஸ்டர் போய்விட்டார்.

எப்படிப் போவார்? நாளைக்கு ஆயுத பூஜை. ஊரில் அரிவாள், ஏர், தராசு, தையல் மிஷின் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். தம் பொறுப்பில் ஓர் இரும்பு கீச்சிட்டபடி பூஜையைப் பார்ப்பதா? செங்கல்வராயன் புளியமரத்துக்குப் போனார், குப்பியோடு வந்தார். கீச்சிட்ட சிலிண்டரின் கழுத்தில் இரண்டு சொட்டு, காற்று வருகிற வாயில் இரண்டு சொட்டு. வழக்கம் விடுமா? பொட்டலத்திலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து அதன் தோளில் ஒரு பொட்டும் வைத்தார். மனசு நிறைந்து வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணி. பாடத்துக்கு வந்த சிஸ்டர் கையில் ஓர் அகல வாய்க் கண்ணாடி ஜாடி.

"இன்னைக்கு எல்லா எடத்துலயும் கற்பூரம், ஊதுபத்தின்னு இருக்கும். அதனால ஒண்ணு காட்டறேன். ஆக்சிஜனை வீணாக்கக் கூடாதுன்னு இத்தனை நாள் காட்டலை. தீர்ந்துபோன சிலிண்டர்ல அடிமிச்சம் கொஞ்சம் இருந்தது. இந்த ஜாடியில புடிச்சிருக்கேன்."

ஓர் ஊதுபத்தியைப் பற்ற வைத்து, ஊதி அணைத்தார். நுனியில் கனல் மட்டும் கண்சிமிட்டியது. அதை ஜாடிக்குள் இறக்கினார். குபீரென்று பளிச்சென்ற வெள்ளைச் சுடர் எழுந்தது. நின்றவர்கள் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். வார்டு துடைக்கிற எத்திராஜ், நாற்பது வயது ஆள், "ஐயோ, ஆத்தா!" என்று செங்கல்வராயன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்காவது நெருப்பு வேணும்," என்றார் சிஸ்டர். "எண்ணெய்க்கு அதுகூட வேணாம். வாயில எண்ணெ பட்ட சிலிண்டரைத் திறந்தா, உள்ள அடைஞ்சு கிடக்கிற ஆக்சிஜன் சீறி வர்ற வேகத்துல அந்த எண்ணெ தானே பத்திக்கும். திறந்த ஆள் கை போகும். பக்கத்துல படுத்திருக்கிறவன் உயிரும் போகும். நான் வேலை கத்துக்கிட்ட எடத்துல ஒருத்தருக்கு ரெண்டு கையும் போனதை என் கண்ணால பாத்தேன்."

நேற்றைய நாலு சொட்டும் செங்கல்வராயன் நெஞ்சுக்குள் சொட்டின. ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. பொட்டு! பொட்டு வைத்த சிலிண்டரை யாரும் பார்க்கும் முன்னால் ஓரம் கட்டிவிட்டால் முடிந்தது விஷயம். சிஸ்டர் பேசி முடிப்பதற்குள் நழுவி, சிலிண்டர் அறைக்கு ஓடிக் கதவைத் திறந்தார்.

பன்னிரண்டு சிலிண்டரும் புது மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. பன்னிரண்டின் தோளிலும் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். கழுத்துக்கு ஒரு முழம் சாமந்தி வேறு.

"எப்டி கீது அண்ணாத்தே?" பின்னாலேயே வந்த எத்திராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "காலைல பெருக்க வந்தேனா, ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பொட்டு வெச்சிருந்துச்சு. யாரு வெச்சாங்கன்னு தெரில. ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததுங்கள உட்டா சாமி குத்தம் ஆயிடாது? அதான் எல்லாத்துக்கும் வெச்சிட்டேன்."

"அடப்பாவி! அந்த ஒண்ணு எங்கடா? எந்த எடத்துல இருந்துச்சு?"

"எடமா? பூசைக்கு எடம் பத்தலன்னு எல்லாத்தையும் நவுத்தி நவுத்தி வெச்சேனே! முதுகே போயிடுச்சு போ. கற்பூரம் கூட வாங்கிகினு வந்துட்டேன்."

செங்கல்வராயன் அவன் மடியிலிருந்த கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். பிறகு வரிசையின் ஓரத்திலிருந்து மோந்து பார்த்துக்கொண்டே போனார். எண்ணெயை வாசனையிலேயே இன்னதென்று சொல்கிற மூக்கு அது. சந்தனமும் சாமந்தியும் ஊதுபத்தியும் சேர்ந்து அந்த மூக்கை அன்றைக்குக் கெடுத்துவிட்டன. போதாததற்கு அவருடைய மீசையே விளக்கெண்ணெய் மீசை. எந்தச் சிலிண்டரை மோந்தாலும் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. திறந்து பார்த்து எது கீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்றால், இப்போது எதுவுமே கீச்சிடாது; கீச்சிட்ட ஒன்றுக்குத்தான் எண்ணெய் விட்டாயிற்றே! தவிர, திறப்பதுதானே ஆபத்து.

அப்போது வார்டிலிருந்து சிஸ்டர் குரல் வந்தது. "செங்கல்வராயன்! நாகப்பன் சிலிண்டர் மீட்டர்ல முள்ளு இறங்கிடுச்சு. ஒரு மணிக்குமேல வராது. புதுசு ஒண்ணு கொண்டாங்க!"

நாகப்பன் கொரட்டூர்க்காரன், ராணுவ டிப்போவில் மூட்டை இறக்குகிறவன். முப்பது வயது. நிமோனியா கண்டு நாலு நாளாகக் கிடக்கிறான். குழாயை மூக்கிலிருந்து எடுத்தால் அரை நாழிகையில் உதடு நீலமாகிவிடும். அன்றைக்கு விடுமுறை, வெளியிலிருந்து வேறு சிலிண்டர் வர இரண்டு நாள் ஆகும். அவன் மூச்சு இந்தப் பன்னிரண்டில் இருக்கிறது. அதில் ஒன்றில் அவன் எமனும் இருக்கிறான்.

இங்கே செங்கல்வராயன் மனசில் ஓடியதை மறைத்துச் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் வேலை போகும். பாரிவாக்கத்தில் நின்றுபோன இஞ்சினுக்கு எதிரில் மறுபடியும் உட்கார வேண்டும். வாயை மூடிக்கொண்டால்? பன்னிரண்டில் பதினொன்று நல்ல சிலிண்டர். எந்தச் சாமி இவ்வளவு கண் தெரியாத சாமியாக இருக்கும்? கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் வார்டில் நிறுத்தியும்விட்டார். சாவியைக் கையில் எடுத்தார். அது இரண்டு தடவை கீழே விழுந்தது.

"என்ன, காய்ச்சலா? கொடுங்க, நானே திறக்கறேன்" என்று சிஸ்டர் சாவியை வாங்கி மாட்டினார்.

"தொடாதீங்கம்மா!"

அந்தக் கூச்சலில் வார்டில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். செங்கல்வராயன் தரையில் விழுந்து சிஸ்டர் காலுக்கு எதிரில் கும்பிட்டார்.

"எண்ணெ உட்டுட்டேம்மா! நேத்து கீச்சின்னுச்சே, அதுக்கு. எது இன்னான்னு தெரியலம்மா. பொட்டு வெச்சேன், இந்த எத்திராஜு எல்லாத்துக்கும் வெச்சிட்டான்! என்னை வெரட்டிடுங்க, போலீசுல புடிச்சிக் குடுங்க, ஆனா அத்த மட்டும் தொறக்காதீங்க!"

லூர்தம்மாள் சாவியிலிருந்து விரல் விரலாகக் கையை எடுத்தார். முகம் புடவையைவிட வெளுத்திருந்தது. "மாதாவே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் செங்கல்வராயனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மணி பதினொண்ணேகால்," என்றார். "ஒரு மணிக்குள்ள அது எதுன்னு தெரியணும். யோசிங்க."

செங்கல்வராயன் அழுதுகொண்டே யோசித்தார். அந்த நேரம் பார்த்து எத்திராஜ் மூலையில் நின்றபடி, பூஜைக்கு வாங்கிய வடைப் பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் பிரித்தான். பயம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். செங்கல்வராயன் பார்வை அந்தக் காகிதத்தில் நிலைத்தது. வடை இருந்த இடத்தில் எண்ணெய் ஊறி, ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது.

"காயிதம்!" என்று குதித்தார். "அம்மா, காயிதம்! சிலிண்டர் வாயில காயிதத்த ஒத்தி வெயில்ல காட்டினா எண்ணெ காட்டிக் குடுத்துடும்! ஒரு சொட்டு போதும்!"

சிஸ்டர் மருந்து மடிக்கிற வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். வார்டுக்குக் கொண்டுவந்த சிலிண்டரையே முதலில் பார்த்தார்கள். செங்கல்வராயன் தாளை ஒற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "இதான்! இதேதான்!" என்று கத்தினார். சந்தேகத்துக்கு இரண்டாவதைப் பார்த்தார், அதுவும் கண்ணாடி. மூன்றாவதும் கண்ணாடி. சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். எண்ணெய்க் கறை ஐந்து விரல் அடையாளத்தோடு இருந்தது.

"இது சிலிண்டர் இல்லை. நீங்க!"

இருபது வருஷ எண்ணெய், ஆள் தோலுக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. எத்திராஜைக் கூப்பிடலாம் என்றால் அவன் கையில் வடை. கடைசியில் ஒற்றுவது சிஸ்டர், பார்ப்பது செங்கல்வராயன் என்று ஏற்பாடாயிற்று. அவர் தொட்ட மூன்று வாயையும் சிஸ்டர் மறுபடி ஒற்றி, இது கைபட்ட இடம், இது வாய் என்று பிரித்துப் பார்த்தார். மூன்றும் அவர் கை பட்டதால் அன்றைக்கு ஆகாதென்று தனியே போயின. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, சுத்தம். ஏழு, எட்டு, ஒன்பது, சுத்தம். பத்தாவது தாளை வெயிலில் காட்டியபோது வட்டமாக, மோதிர அளவுக்கு, ஓர் எண்ணெய் வளையம். செங்கல்வராயன் தாளை மூக்கருகே கொண்டுபோகாமலே சொன்னார்:

"விளக்கெண்ணெ. என்னுதுதான்."

அந்தப் பத்தாவதைச் சிஸ்டரும் எத்திராஜும் வேப்ப மரத்தடிக்கு நகர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி, ஒருவரும் கிட்டே போகக் கூடாதென்று எழுதி ஒரு தகரத்தைத் தொங்கவிட்டார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்தாவது சிலிண்டரைத் திறந்தார் சிஸ்டர். பாட்டிலில் குமிழி கொப்பளித்தது. நாகப்பன் நெஞ்சு ஏறி இறங்கியது. செங்கல்வராயன் பத்தடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு குமிழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது போகச் சொல்லும்வரை போகவில்லை.

மறுநாள் டாக்டர் எட்மண்ட் விசாரித்தார். இவரை அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

"மூணு மாசமா எண்ணெ கூடாதுன்னு இவரைக் கத்த வெச்சேன் டாக்டர்," என்றார் லூர்தம்மாள். "ஏன் கூடாதுன்னு நேத்துதான் காட்டினேன். முதல் நாளே காட்டியிருக்கணும். இவரை அனுப்பினா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

இரண்டு பேரையும் டாக்டர் அனுப்பவில்லை. தகரக் குப்பி மட்டும் சிஸ்டர் அலமாரிக்குள் போயிற்று. அதற்குமேல் செங்கல்வராயனே தமக்கு ஒரு தண்டனை போட்டுக்கொண்டார். தலைக்கும் மீசைக்கும் எண்ணெய் இல்லை. குடுமி தென்னந்துடைப்பமாகச் சிலிர்த்துக்கொண்டது, மீசை கீழே தொங்கிற்று. பாரிவாக்கத்தில் அவரைப் பார்த்தவர்கள் நேரே வீட்டுக்கு வந்து தாட்சாயிணியிடம் குரல் தாழ்த்தி, "இன்னாம்மா, யாரு தவறிட்டாங்க? காரியம் எப்ப?" என்று துக்கம் விசாரித்தார்கள். நாலாவது ஆள் வந்தபோது அவள் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். செங்கல்வராயன் அசையவில்லை. தினமும் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துத் தம் இரண்டு உள்ளங்கையிலும் ஒற்றி, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

மூன்று வாரம் கழிந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் செங்கல்வராயன் சிலிண்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் ஒருவன் தலையில் மண்பானையோடு வந்துகொண்டிருந்தான். நாகப்பன். குணமாகி ஊருக்குப் போனவன், கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"அண்ணாத்தே! உன்னத்தான் தேடிகினு வந்தேன். நீ இல்லன்னா அன்னிக்கு நான் பூட்டேன்னு எத்திராஜு சொல்லிச்சு. காயிதத்த வெச்சி நீதான் கண்டுபுடிச்சியாமே! இந்தா, எங்க மாமியா ஊட்டுச் செக்குல ஆட்டின நல்லெண்ணெ. நாளைக்குத் தலை முழுவு."

சொல்லிக்கொண்டே பானையை நேரே அறை வாசலுக்குக் கொண்டுவந்தான். உள்ளே எட்டு சிலிண்டர்.

"அங்கியே நில்லுடா!" செங்கல்வராயன் போட்ட சத்தத்தில் நாகப்பன் ஒற்றைக் காலில் நின்றான். "பின்னால போ. இன்னும் போ. அந்தக் கொன்ன மரம் வரைக்கும் போ!"

அங்கே போய் இறக்கி வைத்தான். செங்கல்வராயன் பின்னாலேயே போனார். பானையைப் பார்த்தார். மூன்று வாரமாகக் காய்ந்து கிடந்த குடுமி அரித்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். எத்திராஜ் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான்.

"நாகப்பா, இத்த வாங்கறதுக்கு எனுக்கு யோக்கிதை இல்லடா. அன்னிக்கு அந்த எண்ணெய உட்டதே நான்தான்."

நாகப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பானையைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான்.

"அப்ப என்னைக் கொல்லப் பாத்ததும் நீதான், காப்பாத்தினதும் நீதானா?"

"ஆமா."

நாகப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"ஒரு சட்டி இருந்தா எடுத்துகினு வா. பாதி நீ வெச்சிக்க. பாதிய நான் ஊட்டுக்குத் திருப்பி எடுத்துகினு போறேன்."

செங்கல்வராயன் அன்றைக்குச் சட்டியில் பாதி எண்ணெயோடு வீட்டுக்குப் போனார். தாட்சாயிணி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, நல்ல நாளும் அதுவுமா யாரோ குடுத்தாங்கன்ற, பாதிச் சட்டிதான் கீது?"

"எனுக்குச் சேர வேண்டியது அவ்ளோதான். எடுத்துத் தேய்ச்சி உடு" என்று அவர் அவள் எதிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.